அவளிடம் மட்டும் பேசினார்

என் வீட்டுக்காரருக்குப் பேசவே தெரியாது என்றுதான் பதினெட்டு வருஷமாக நினைத்திருந்தேன். குழம்பில் உப்பு குறைந்தால்கூட வாய் திறக்கமாட்டார். தானே எழுந்துபோய் எடுத்துப் போட்டுக்கொள்வார். அப்படிப்பட்ட மனுஷர் மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண்ணிடம் முக்கால் மணி நேரம் பேசிவிட்டு வந்தால் எனக்கு எப்படி இருக்கும்? வயிறு எரிந்தது.

2006ஆம் வருஷத்துக் காலண்டர் சிவகாசியில் மும்முரமாக அச்சில் ஓடிக்கொண்டிருந்த சமயம் அது. அவருக்கு அச்சாபீஸில் வேலை, எனக்கு நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனியில். அவர் இரைப்பையில் கேன்சர் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொன்னார். அவரிடம் நான் வயிற்றுப்புண் என்று சொல்லிவைத்தேன். எங்கள் பக்கம் அந்த வியாதியின் பெயரை நோயாளி காதில் போடமாட்டோம். கேட்டதும் மனசு விட்டுப்போகும் என்று பயம்.

அந்த ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற வருகிறவர்களை முதலில் அந்தப் பெண்ணிடம் அனுப்புவார்கள். மனசுக்கு வைத்தியமாம். “அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது, சொல்லிராதம்மா” என்று அவளிடம் முன்கூட்டியே கெஞ்சியிருந்தேன். கதவைச் சாத்திக்கொள்வார்கள். நான் வெளியே பெஞ்சில் சோற்றுப் பையைக் காத்துக்கொண்டு இருப்பேன். இரண்டாம் தடவை கண் சிவந்து வெளியே வந்தார். பெற்ற தாய் செத்தபோதுகூட என் முன்னால் அழாதவர்.

“என்ன பேசுனீக?” என்று பஸ்ஸில் கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்றாம் தடவை கிளம்பும்போது சட்டையை இஸ்திரி போட்டுத் தரச் சொன்னார்.

“பொண்ணு பாக்கவா போறீக?” என்றேன். போட்டுத்தான் கொடுத்தேன், காலரைக் கருக்கிவிடலாமா என்ற யோசனையோடு.

அன்றைக்கு அந்தப் பெண் அவரை வெளியே அனுப்பிவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டாள்.

“அக்கா, அண்ணனுக்கு ஆரம்பத்துலயே தெரியும். அவர்தான் உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு.”

டாக்டர் வியாதியைச் சொன்ன அன்றைக்கு ஊர் திரும்பும்போது, அவர் கொடுத்த காகிதத்தை எழுத்து என் பக்கம் இருக்கும்படி பஸ் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தேனாம். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்லிசுத் தாள். என் வீட்டுக்காரரோ வாலிபத்தில் அச்சுக்குத் தமிழும் இங்கிலீஷுமாக ஈய எழுத்துக் கோத்தவர்; தலைகீழாகவும் இடம் வலம் மாறியும் இருக்கிற எழுத்தை நாளெல்லாம் படித்த கண். தாளின் பின்பக்கத்திலிருந்தே படித்துவிட்டார். நான் அம்புட்டுப் பாடுபட்டு மறைப்பதைக் கெடுக்க மனசு வராமல் சும்மா இருந்திருக்கிறார்.

“அதை என்கிட்டல்ல சொல்லணும்? நீ யாரு நடுவுல?” என்று கத்தினேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. “நீங்க எப்படி இருக்கீங்கக்கா?” என்று கேட்டாள். வியாதி வந்ததிலிருந்து என்னைப் பார்த்து யாரும் அதைக் கேட்டதில்லை. எவள்மேல் எரிந்துகொண்டிருந்தேனோ அவளிடமே எல்லாவற்றையும் கொட்டி அழுதேன்.

வெளியே வந்தால் அவர் பெஞ்சில் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அவகிட்ட இம்புட்டு நேரம் என்ன பேச்சு?”

அவருக்கும் பொறாமை. அந்த நேரத்திலும் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“நீங்க போயிட்டா நான் எப்படி இருப்பேன்னு கேட்டேன்.”

அவர் சோற்றுப் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“நானும் அதைத்தான் கேட்டேன்” என்றார்.