பெருக்கல் முடியும்வரை ஒரு துணை

போன வருடம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு தெருவில் வாடகைக்குக் குடியிருந்தோம். குடியிருந்தோம் என்று சொல்வது பழக்கதோஷம். வீட்டில் பெரும்பாலும் நான் ஒருத்திதான். கணவருக்கு ரயில் ஓட்டும் வேலை, கிளம்பினால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள். கணவருக்கு இந்த ஊருக்கு மாற்றல் வந்தபோது, சென்னையில் பார்த்துவந்த சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு வந்தவள் நான்.

வேலையை விட்டாலும் கை சும்மா இருக்கவில்லை. உலகம் முழுக்கப் பலர் சம்பளமில்லாமல் சேர்ந்து வளர்க்கும் ஒரு கணினி மொழி இருக்கிறது. நாம் எழுதுவதை வரிவரியாகப் படித்து நடத்திக்காட்டும் இன்டர்ப்ரெட்டர்தான் அதற்கு உயிர். சின்ன எண்களை அது கண்ணிமைக்கும் நேரத்தில் பெருக்கிவிடும். ஆயிரக்கணக்கான இலக்கங்கள் உள்ள இரண்டு எண்களைக் கொடுத்தால்தான் திணறும். நாம் பள்ளிக்கூடத்தில் செய்ததுபோலவே, ஒவ்வொரு இலக்கத்தையும் எதிரில் உள்ள எல்லா இலக்கங்களோடும் அது பெருக்கிக்கொண்டிருந்தது. எண்ணை இரண்டு பாதியாக வெட்டினால், நான்கு பெருக்கலை மூன்றிலேயே முடிக்க ஒரு வழி உண்டு. அந்தப் பாதிகளையும் வெட்டிக்கொண்டே போகலாம். இது என் கண்டுபிடிப்பு இல்லை, பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். ஆனால் அதை அந்த மொழிக்குள் ஒழுங்காகப் பொருத்த எனக்குப் பல மாதம் பிடித்தது.

முதல் தடவை அது வேகமாக ஓடியபோது வாய்விட்டுக் கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் உறைத்தது, கேட்க ஆளில்லை. கணவருக்குப் போன் செய்து சொன்னேன். "அப்படியா, நல்லது. சாப்ட்டியா?" என்றார். அவர்மேல் குற்றமில்லை. ஏதோ ஒரு ஊர் ரயில்வே ஓய்வறையில் அரைத்தூக்கத்தில் இருந்தார். மகள் வாட்ஸ்அப்பில் "சூப்பர்ம்மா" என்று அனுப்பினாள். இவ்வளவு நல்ல செய்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

என் வேலையைச் சரிபார்க்க வேண்டியவர் எங்கோ ஒரு குளிர் நாட்டில் இருந்தார். முகம் தெரியாது. எதையும் ரத்தினச் சுருக்கமாகத்தான் எழுதுவார். வேகம் திருப்தி, ஆனால் ஒரு விடை தப்பினாலும் சேர்க்க முடியாது, பெரிய சோதனையை ஓட்டிக் காட்டுங்கள் என்று எழுதியிருந்தார். கணக்கில்லாத எண்களைப் பழைய முறையிலும் புது முறையிலும் பெருக்கி, இரண்டு விடையும் ஒன்றுதானா என்று பார்க்கும் சோதனை அது. என் லேப்டாப்பில் முழுப் பகலும் ஆகும். அந்த ஞாயிறு மாலையோடு புதிய பதிப்புக்குக் கதவைச் சாத்துகிறார்கள். அதற்குள் தேறினால் என் வேலை உள்ளே போகும். நான் நாளெல்லாம் என்ன செய்கிறேன் என்று புரிந்தவர்கள் உலகத்தில் எங்கோ நாலு பேராவது இருப்பார்கள். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

விடிந்ததும் சோதனையை ஓட்டிவிட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு கட்டு எண் தேறும்போதும் திரையில் ஒரு புள்ளி விழும். செய்ய ஒன்றுமில்லை, எழுந்து போகவும் மனமில்லை. ஆடிக் காற்று ஜன்னலைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. தெருக்கோடி மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள் என்று மைக்கில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் போகவில்லை.

கூட்டம் கலைகிற நேரத்தில் எதிர்வீட்டுப் பெண் வந்து கதவைத் தட்டினாள். என்னைவிடக் கொஞ்சம் சின்னவள். பக்கத்தில் ஒரு பீங்கான் யூனிட்டில் பொம்மைகளைச் சூளையில் அடுக்கும் வேலை அவளுக்கு. அதுவரை எங்களுக்குள் "தண்ணி வந்துச்சா" என்பதற்குமேல் பேச்சில்லை. ஒரு கையில் சொம்பு நிறையக் கூழ், இன்னொரு கையில் முருங்கைக்கீரை.

"என்னாக்கா, கோயிலாண்ட ஆளையே காணும்? ஒடம்பு கிடம்பு சரியில்லியான்னு பாக்க வந்தேன்."

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லைங்க. இது முடியணும், அதான்" என்று திரையைக் காட்டினேன். பெரிய பெரிய நம்பரைப் பெருக்குகிறது, ஒன்றுகூடத் தப்பக்கூடாது, சாயங்காலம் வரை ஆகும் என்றேன். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது.

"நடுவுல நீங்க ஒண்ணும் பண்ண முடியாதா?"

"முடியாதுங்க."

"அப்ப எங்க சூளை மாதிரிதான். இதுக்குப் போயி தனியாவா குந்திக்கினு இருக்கீங்க?"

அவர்கள் யூனிட்டில் சூளையை மூடித் தீ வைத்துவிட்டால், வைத்த ஆளைத் தனியாக விடமாட்டார்களாம். வேலை இருக்கிறதோ இல்லையோ, யாராவது ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார்களாம். "கையில வேல இருந்தா ஆளு தேவயில்ல. சும்மா பாத்துக்கினு இருக்கறப்பதான் மனசு கண்டதையும் நெனைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனவள், முறத்தில் பூண்டோடு திரும்பிவந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு முதலில் எரிச்சல்தான். பேசியே கொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ அதிகம் பேசவில்லை. அவ்வப்போது தலையைத் தூக்கி "ஓடுதாக்கா?" என்பாள். "ஓடுதுங்க" என்பேன். கரண்ட் போனபோது இரண்டு பேரும் சேர்ந்து பதறினோம். லேப்டாப் பேட்டரியில் தாக்குப்பிடித்தது. கொஞ்ச நேரத்தில் நானும் கீழே இறங்கிப் பூண்டு உரிக்க ஆரம்பித்தேன். கம்மாபுரம் பக்கம் இருக்கும் அண்ணன், தன் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விடுமோ என்று தூங்காமல் கிடப்பதைச் சொன்னாள். நான் மகளைப் பற்றிச் சொன்னேன்.

வெயில் தாழ ஆரம்பித்தபோது புள்ளிகள் நின்றன. சிவப்பில் ஒரு வரி வந்தது. ஒரு விடை தப்பு.

அவள் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள். "வெடிச்சிடுச்சாக்கா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. அத்தனை மாதமும் மொத்தமாக வந்தது. சரியாகிவிடும், கவலைப்படாதீர்கள் என்றெல்லாம் அவள் சொல்லவில்லை. நகர்ந்து வந்து முதுகில் கையை வைத்து, "அழுவுங்க, நான் இருக்கறேன்" என்றாள்.

அழுது முடித்தபின் தவறைத் தேடினேன். வெட்டிய பாதிகளை நடுவில் கூட்டவும் வேண்டியிருக்கும். கூட்டும்போது 'கையில் ஒன்று' என்று விரலை மடக்குவோமே, அது இரண்டு எண்களிலும் ஒரே சமயத்தில் வந்தால் வைக்க இடம் விடாமல் எழுதியிருந்தேன். அபூர்வமாகத்தான் அப்படி வரும், அதனால் அதுவரை மாட்டவில்லை. திருத்தம் சில வரிகள்தான். ஆனால் மறுபடி முழுச் சோதனை ஓட்ட நேரமில்லை. உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினேன். அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று குளிர் நாட்டிலிருந்து பதில் வந்தது.

மறுநாளே திரும்ப ஓட்டியிருக்கலாம். ஆனால் மறுநாள் அவளுக்கு வேலை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருந்து, அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் வெகுநேரம் நின்றேன்.

"மறுபடி ஓட்டப் போறேங்க. கொஞ்சம் வந்து உக்காருறீங்களா?"

"இதுக்கா இம்மாம் நேரம் வாசல்ல நின்னீங்க? வாங்க போலாம்" என்று சிரித்தாள்.

அன்று சோதனை தேறியது, அடுத்த பதிப்பில் என் வேலையும் சேர்ந்தது. இப்போது கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. இங்கேயும் எதிரில் ஒரு வீடு இருக்கிறது, அங்கே யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. எத்தனை பெரிய எண்ணையும் பெருக்கக் கற்ற எனக்கு, துணைக்கு வாருங்கள் என்று ஒருவரைக் கூப்பிட நாற்பத்தைந்து வயதுக்குமேல்தான் வாய் வந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம், இன்றாவது அந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தோன்றுகிறது.