வேண்டுமென்று கெடுத்த கேக்

ஒர்க்‌ஷாப்பில் அவருக்கு நூலண்ணன் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. வாழ்நாளில் பாதியை லேத்து மெஷின் முன்னால் நின்று இரும்பு கடைந்தே கழித்தவர். அளவில் ஒரு நூல் கூடக் கூடாது, ஒரு நூல் குறையவும் கூடாது என்பது அவர் கொள்கை. சாப்பாட்டு டப்பாவை மேஜை ஓரத்துக்கு இணையாக வைக்காமல் மூடியைத் திறக்க மாட்டார். அவர் நடந்துபோகும்போது தெருவுக்கே நூல் பிடிக்கலாம் என்று பக்கத்து மேடையில் வேலை செய்யும் வெல்டர் சொல்வான். அவன் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான். இதில் கூட்டல் கம்மி.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு திங்கட்கிழமை டப்பாவில் கேக் கொண்டுவந்தார். நடுவில் குழி, ஓரத்தில் கருகல். வெல்டர் அதை எடுத்து மேஜையில் தட்டிப் பார்த்தான்.

"அண்ணே, இது கேக்கா, சாணைக்கல்லா?"

"கேக்குதான். தின்னு."

"பல்லு போனா யாரு பொறுப்பு?"

கேட்டானே தவிர, தின்றுவிட்டான். ஓசியில் வந்த எதையும் அவன் வேண்டாம் என்றதில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, "அது சரி, போன மாசம் நீங்க கொண்டாந்த ரொட்டி பஞ்சு மாதிரி இருந்துச்சு. இப்ப கைக்கு என்ன வந்துச்சு?" என்றான்.

நூலண்ணன் டப்பாவைக் கழுவப் போனார். கைக்கு ஒன்றும் வரவில்லை. கேக்கை அவர் வேண்டுமென்றேதான் கெடுத்திருந்தார். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கட்டைவிரலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அவருடைய கட்டைவிரல் குட்டை. நுனி அகன்று, நகம் நீளத்தைவிட அகலமாக இருக்கும். மகளுக்கும் அதே விரல் வாய்த்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் 'சுத்தியல்' என்று கேலி செய்ய, அவள் அதை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டே வளர்ந்தாள். போட்டோ என்றால் கை முதுகுக்குப் பின்னால் போய்விடும். "உங்க விரலை எனக்கு ஏன்ப்பா குடுத்தீங்க?" என்று கேட்பாள். அவருக்குச் சிரிப்பு வரும், கூடவே பாவமாகவும் இருக்கும்.

அவள் வெளியூரில் கடைசி வருடப் படிப்பில் இருந்தபோது அவள் அம்மா படுத்துவிட்டாள். "பரீட்சை முடியிற வரைக்கும் புள்ளைக்குத் தெரியக் கூடாது, சத்தியம் பண்ணுங்க" என்று கேட்டாள் மனைவி. பண்ணிக் கொடுத்தார். மகள் தினம் போன் செய்வாள். அம்மா எங்கே என்பாள். "அம்மா தூங்குறாம்மா" என்பார். வாயில் புண் வந்து பேசக் கஷ்டப்பட்ட பிறகும் தூங்குறா, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டும் தூங்குறா. கொடுத்த வாக்கில் ஒரு நூல் பிசகவில்லை. பரீட்சை முடியும்வரை மனைவிதான் காத்திருக்கவில்லை.

மகள் வந்தாள். எல்லாம் முடிந்த மறுநாள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்: "நான் கேட்டப்பெல்லாம் தூங்குறான்னு சொன்னீங்களே, அந்த நேரம் அம்மா கண்ணைத் திறந்துக்கிட்டு என்னைத் தேடியிருந்தா?" அவர் வாய் திறக்கவில்லை. மனைவி தேடத்தான் செய்தாள். அது அவருக்கு மட்டும் தெரியும். அந்த மௌனத்திலிருந்து மகளுக்கும் தெரிந்துபோயிற்று. அதற்குப் பிறகு அவளுடைய எண் மாறிவிட்டது. தோழிகளைக் கேட்டார். தெரியாது என்றார்கள். தெரிந்தும் சொல்லவில்லை என்பது அவர்கள் குரலிலேயே இருந்தது.

வருடங்கள் போயின. ஓட்டல் சாப்பாடு வயிற்றைக் கெடுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வயிற்றுக்கு இதமாக ஏதாவது செய்துகொள்ளலாம் என்று போனில் சூப் தேடினார். ஒரு வீடியோ வந்தது. முகம் இல்லை, குரல் இல்லை. மரப்பலகையில் இரண்டு கைகள் கேரட் நறுக்கின. கீழே எழுத்தில் குறிப்பு ஓடியது. கத்தியைப் பிடித்திருந்த கட்டைவிரலைப் பார்த்ததும் அவர் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மடக்காமல், மறைக்காமல், அந்த விரல் பட்டப்பகலில் வேலை செய்துகொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான பேர் பார்த்திருந்தார்கள். ஒருவருக்கும் அது யார் விரல் என்று தெரியாது.

பிறகு மனிதர் அடியோடு மாறினார். சனிக்கிழமை சாயங்காலம் அவள் எதைப் போட்டாலும் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் அது நடக்கும். சின்னதாக ஓவன் வாங்கினார். இலையுதிரும் மாதத்தில் காய்ந்த இலைகளை மெழுகில் தோய்த்து மாலை கட்டச் சொன்னாள், கட்டினார். குளிருக்கு ஆரஞ்சுப் பழத்தை வில்லையாக அரிந்து, காயவைத்து, நூலில் கோத்து ஜன்னலில் தொங்கவிடச் சொன்னாள். அவர் ஜன்னலில் தொங்கியது, எல்லா வில்லையும் ஒரே கனம். மழைக்காலத்துக்குக் காகிதக் குடைத் தோரணம். ஜாம், ரொட்டி, பிஸ்கட். ஐம்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை கையில் கத்தரிக்கோலும் பசையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எதிர்வீட்டு அம்மாள், தனிமை மண்டைக்கு ஏறிவிட்டது என்று முடிவு கட்டினாள். முழுக்கத் தப்பும் இல்லை.

செய்ததைப் படம் எடுத்து வீடியோவுக்குக் கீழே போடுவார். 'சமையல் ரசிகன்' என்ற பெயரில் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தது வெல்டர். காரணம் அவனுக்குத் தெரியாது. படம் எடுக்கும்போது தன் விரல் ஓரத்தில்கூட விழாதபடி அவ்வளவு ஜாக்கிரதை. வீட்டிலிருந்த அடிபட்ட எவர்சில்வர் தட்டுகள் படத்துக்கு லாயக்கில்லை என்பதால், அலமாரியில் இருந்த நீலக் கோடு போட்ட வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றில்தான் எல்லாவற்றையும் வைப்பார். ஓரத்தில் சில்லு பெயர்ந்த இடத்தைப் பின்பக்கம் திருப்பிவிடுவார்.

யாரென்று ஏன் சொல்லவில்லை? பயம். ஒரு தடவை போன் எண்ணை மாற்றியவள். இங்கே அதுகூட வேண்டாம். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அந்தக் கைகளும் போய்விடும். எத்தனையோ முறை 'நான் அப்பா' என்று அடித்துவிட்டு, எழுத்தெழுத்தாக அழித்திருக்கிறார்.

அவர் செய்ததெல்லாம் அச்சில் வார்த்ததுபோல வந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. நன்றாகச் செய்தவர்களுக்கெல்லாம் அவள் ஒரு சிவப்பு இதயம் போடுவாள், அவ்வளவுதான். சொதப்பியவர்களுக்கோ உட்கார்ந்து பதில் எழுதுவாள். ஊர் பேர் தெரியாத ஒரு பெண்மணியின் குழி விழுந்த கேக்குக்கு நாலு வரி. பெற்ற தகப்பனுக்கு ஒரு பொம்மை இதயம். அந்தப் பெண்மணி மேல் அவருக்கு வந்த பொறாமையை என்னவென்று சொல்வது!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கேக் உப்பி வரும் சமயம் பார்த்து ஓவன் கதவைத் திறந்தார். கேக் அவர் கண்ணெதிரே அமுங்கியது. வாழ்க்கையில் ஒரு வேலையையும் தெரிந்தே கெடுக்காதவர். படத்தைப் போட்டு, 'எங்கே தப்பு?' என்று கேட்டார். சாயங்காலம் பதில் வந்தது.

'ஓவனை நடுவுல திறந்தீங்களா? வேகுற வரைக்கும் திறக்கக் கூடாது. பரவாயில்ல, மனசு விட்டுடாதீங்க. திரும்பப் பண்ணுங்க.'

மனசு விட்டுடாதீங்க. மறுநாள் பஸ்ஸில் அதையே பார்த்துக்கொண்டு போனதில், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி எங்கேயோ போய் இறங்கினார்.

இப்படியாக நூலண்ணன் கெடுக்கக் கற்றுக்கொண்டார். உப்பைக் கூட்டினார், மாவை இளக்கினார், மெழுகு காயுமுன் இலைகளைக் கட்டினார். இரும்பைச் சரியாகக் கடைவதைவிடக் கேக்கைத் தப்பாகச் சுடுவது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு குழிக்கும் ஒரு பதில். அதில் 'ங்க' இருந்தது, அக்கறை இருந்தது. அப்பா மட்டும் இல்லை. கெட்டுப்போனதெல்லாம் வெல்டர் வயிற்றுக்குள் போயிற்று.

குளிர்காலத்தின் கடைசியில் ஒரு சனிக்கிழமை, அந்தக் கைகள் மூன்று புரி மாவை எடுத்துப் பின்னல் ரொட்டி செய்தன. அம்மா அவளுக்குத் தலை பின்னியது போலவே இடது புரி முதலில். கீழே எழுத்து ஓடியது: 'இத்தோட இந்தச் சேனலை நிறுத்துறேன். வேற ஊர், வேற வேலை. இத்தனை நாள் கூட இருந்தவங்களுக்கு நன்றி.'

மறுபடியும் வாசலில் பையோடு நிற்கிறாள். இந்தத் தடவையும் வாயை மூடிக்கொண்டு நின்றால் அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அவர் எதையும் கெடுக்கவில்லை. மாவை அளந்தார், பொறுமையாகப் பிசைந்தார், புளிக்கவிட்டார், மூன்று புரியும் ஒரே கனமாக உருட்டினார். ரொட்டி பொன்னிறமாக வந்தது. தட்டில் வைத்து, பக்கத்தில் தன் கட்டைவிரலை நன்றாகத் தெரியும்படி நீட்டிப் படம் எடுத்தார். 'சரியா வந்துச்சு' என்று மட்டும் எழுதினார். அழிப்பதற்குள் அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் மற்றவர்களுடைய ரொட்டிகளுக்கெல்லாம் இதயம் விழுந்தது. அவருக்கு மேலே இருந்தவருக்கு விழுந்தது, கீழே இருந்தவருக்கு விழுந்தது. அவருக்கு இல்லை. மறுநாளும் இல்லை. அந்த வாரம் முழுக்க இல்லை. பொம்மை இதயம் என்று கேவலமாக நினைத்தாரே, அதற்கே இப்போது பிச்சைக்காரராக உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை லேத்தில் ஒரு பெரிய இரும்புத் தண்டை வேண்டிய அளவுக்கும் கீழே கடைந்துவிட்டார். கடைந்து எடுத்த இரும்பை மறுபடி ஒட்ட வைக்க முடியாது. சூப்பர்வைசர் வந்து தண்டைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், திட்ட வாய் வராமல் போய்விட்டார். மெஷினை நிறுத்திவிட்டு நூலண்ணன் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க.

வெல்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவர் எல்லாவற்றையும் சொன்னார். விரலை, வீடியோவை, வேண்டுமென்று கெடுத்ததை, சேனல் நின்றுபோனதை.

"அவ அம்மா தேடினாடா. பேர் சொல்லிக் கூப்பிட்டா. நான் வெளிய நின்னுக்கிட்டு தூங்குறான்னு சொன்னேன். சொன்னபடி நடந்துக்கறதுதான் பெரிசுன்னு நெனச்சேன்டா."

வெல்டருக்கு முதல் தடவையாகக் கேலி ஒன்றும் வரவில்லை. "அண்ணே, அந்தக் கேக்கெல்லாம் நல்லாத்தான்ணே இருந்துச்சு" என்றான். அது சுத்தப் பொய்.

சாப்பாட்டு நேரத்தில் போன் அதிர்ந்தது. வீடியோவுக்குக் கீழே எல்லாரும் பார்க்கும் இடத்தில் இல்லை. அவருக்கு மட்டும் தனியாக வந்திருந்தது.

'முதல் படத்துலயே தெரியும். விரலைக் காட்டியிருக்க வேண்டாம். அது அம்மாவோட தட்டு. சில்லு போன பக்கத்தைத் திருப்பி வெச்சா தெரியாதா? அதைப் பாக்குற அன்னிக்கெல்லாம் எனக்குக் கை ஓடாது. நீங்க வேணும்னுதான் கெடுக்குறீங்கன்னும் தெரியும். அளந்து போடத் தெரியாதவரா நீங்க? அடுத்த தடவை வேற தட்டுல வைங்க.'

மேலிருந்து கீழ் படித்தார். அப்பா என்ற சொல்லைத் தேடி மறுபடி படித்தார். இல்லை. மன்னித்ததாகவும் இல்லை. அந்தத் தட்டில்தான் மனைவிக்குக் கடைசி நாட்களில் கரைத்துக் கரைத்து ஊட்டினார். வேறு எதிலும் அவள் சாப்பிட மாட்டாள். படத்துக்கு அழகாக இருக்கும் என்று, போயும் போயும் அதைத் தூக்கி வாராவாரம் மகள் கண் முன்னால் நீட்டியிருக்கிறார். போனை வெல்டரிடம் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெல்டர் உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தான். பிறகு, "அண்ணே, சேனல்தான் முடிஞ்சுபோச்சுன்னு சொன்னீங்களே" என்றான்.

"ஆமா."

"அப்புறம் எப்படி அடுத்த தடவைன்னு போட்டிருக்கு?"

அவர் போனைப் பிடுங்கி மறுபடி பார்த்தார். போட்டுத்தான் இருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துவிட்டு, 'சரிம்மா' என்று அடித்தார். இந்தத் தடவை அழிக்கவில்லை. அவள் பார்த்துவிட்டதற்கான அடையாளம் விழுந்தது. வேறொன்றும் வரவில்லை.

சாயங்காலம் பாத்திரக்கடைக்குப் போனார். கடைக்காரர் பீங்கான் தட்டுகளை வரிசையாக எடுத்துக் காட்டினார். எது எடுப்பானது, எது ரொட்டிக்குப் பொருத்தம் என்றெல்லாம் விளக்கினார்.

"எதுவா இருந்தாலும் சரிங்க" என்றார் நூலண்ணன். "நீலக் கோடு மட்டும் வேண்டாம்."