தண்ணீர் வற்றிய சத்தம்

பருத்தித்துறைக்கு வந்து பத்து நாளாகியும், பானையில் ஆவி எழும்பியதும் என் கண் தானாக மேலே கூரைக்குப் போவது நிற்கவில்லை. நோர்வேயில், பேர்கனில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் குசினிக் கூரையில் வெள்ளைத் தட்டுப்போல, புகை கண்டால் அலறும் கருவி ஒன்று இருக்கிறது. அதற்குப் புகைக்கும் ஆவிக்கும் வேறுபாடு தெரியாது. இருபத்தாறு வருடங்களாக நான் புட்டு அவிக்குமுன் கதிரையில் ஏறி, அதற்குக் குளியல் தொப்பி ஒன்றை மாட்டிவிட்டு, முடிந்ததும் கழற்றிவருகிறேன். இங்கே அண்ணையின் குசினியில் மேலே இருப்பவை ஓடுகளும் கரிபிடித்த மரங்களும்தான். ஆனாலும் பார்க்கிறேன். பக்கத்து அறையில் சாய்மனைக் கதிரையில் கிடந்த அண்ணை அதைக் கவனித்துவிட்டார்.

"என்ன தங்கச்சி, பல்லி விழுமெண்டு பாக்கிறியோ?"

குரல் உடைந்து மெல்லியதாக வந்தது. ஒருகாலம் கடலில் அடுத்த படகுக்குக் கேட்கக் கூப்பிட்ட குரல் அது. தொண்டையில் வந்த கட்டிக்காகத் தெல்லிப்பழை ஆசுபத்திரியில் கதிர்ச் சிகிச்சை எடுத்துக்கொண்டு இரண்டு மாதத்துக்கு முன் வீடு திரும்பியிருந்தார். கட்டி கரைந்துவிட்டது என்றார்கள். ஆனால் உமிழ்நீரும் ருசியும் மணமும் அதோடு போய்விட்டன. அண்ணி இறந்து நான்கு வருடம், பிள்ளைகள் இல்லை. நிறை இன்னும் இரண்டு கிலோ குறைந்தால் மூக்கால் குழாய் வைக்கவேண்டும் என்று வைத்தியர் என்னிடம் தனியாகச் சொன்னார். குழாய் வைத்தால் அவர் இந்த வீட்டில் தனியே இருக்க முடியாது. எனக்கு இருந்தது ஆறு கிழமை, ஒன்றரை மாத விடுமுறை. அதற்குள் அவர் சாப்பிடத் தொடங்கவேண்டும்.

மெதுவான, அவித்த உணவு என்று வைத்தியர் எழுதியிருந்தார். அவிப்பது என் தொழில். பேர்கனில் முதியோர் இல்லமொன்றின் குசினியில் வேலை செய்கிறேன். அங்கே ஆவியை 'டாம்ப்' என்பார்கள். அலுமாரி அளவு இரும்பு அடுப்புக்குள் தட்டுகளைத் தள்ளிக் கதவைச் சாத்தினால், எத்தனை பாகை, எத்தனை நிமிடம் என்று எண்கள் தெரியும். முடிந்ததும் அதுவே கூப்பிடும். மீனின் நடுவில் வெப்பமானியைக் குத்தி, வந்த எண்ணைத் தாளில் எழுதவேண்டும். ஆவி கண்ணில் படுவதே இல்லை. வீட்டில் அப்படியல்ல. வந்த புதிதில் ஒருநாள் தொப்பி மாட்ட மறந்து கருவி அலற, கீழ்வீட்டு நோர்வேஜியப் பெண் தீயணைப்பானோடு ஓடிவந்தாள். எது எரிகிறது என்று கேட்டாள். எதுவும் எரியவில்லை, சாப்பாடு என்றேன். அவள் மேசையில் கவிழ்த்து வைத்திருந்த நீத்துப்பெட்டியைப் பார்த்தாள். பனையோலையில் கூம்பாகப் பின்னிய, புட்டு அவிக்கும் அந்தப் பெட்டியைக் கையில் எடுத்து, கோடைக்கு நல்ல தொப்பி என்று பாராட்டினாள். 'தக்' என்று நன்றி சொல்லி அனுப்பினேன். விளக்கம் சொல்ல அன்றைக்கு என்னிடம் மொழியும் இருக்கவில்லை, தெம்பும் இருக்கவில்லை.

இதை வாசிக்கும் உங்களிலும் பலர் தொலைவில் இருந்து புட்டு அவிப்பவர்கள்தான். நான் கொப்பியில் குறித்துவைத்திருக்கும் பிழைகள் பெரியவை அல்ல. தண்ணீர் நன்றாகக் கொதிக்குமுன் பெட்டியை வைப்பது. மாவை அமத்தி நிரப்பி ஆவிக்கு வழி இல்லாமல் செய்வது. பானையின் வாய்க்கும் பெட்டிக்கும் இடையில் ஈரத்துணி சுற்றாமல் ஆவியைப் பக்கத்தால் போகவிடுவது. மூடியில் படியும் தண்ணீர் சொட்டிப் புட்டைக் களியாக்குவது. மூடிக்கு ஒரு துணி கட்டினால் அது தீரும். வெந்துவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருதரம் திறந்து பார்ப்பது. இந்தக் கடைசிப் பிழையை நான் அடுப்பில் செய்வதில்லை. அண்ணையிடம் செய்தேன். ஒவ்வொரு கரண்டிக்கும் அவர் முகத்தைப் பார்த்து, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். காலை நான்கு கரண்டி, மத்தியானம் மூன்று என்று எழுதினேன். அவித்த பூசணி, அவித்த விளைமீன், அவித்த முட்டை எல்லாவற்றுக்கும் ஒரே முகம்.

"பஞ்சு திண்ட மாதிரிக் கிடக்கு. உந்தக் கொப்பியை அவிச்சுத் தா, அதிலையாவது ஏதும் இருக்கும்."

இரண்டாம் கிழமை புதிய நீத்துப்பெட்டி ஒன்று சந்தையில் வாங்கினேன். கொதிநீரில் போட்டெடுத்து வெயிலில் காயவிட்டிருந்தால் போதும். நானோ இல்லத்துப் பழக்கத்தில் பாத்திரம் கழுவும் திரவத்தை ஊற்றித் தேய்த்துக் கழுவினேன். அண்ணை புட்டில் தேங்காய்ப்பால் சொதியை ஊற்றிக் குழைத்து இரண்டு கரண்டி விழுங்கினார். மூன்றாவதை அள்ளினார். பிறகு நான் வாயில் வைத்தேன். எலுமிச்சைச் சவர்க்காரம். ஓலை அதை முழுதாக உறிஞ்சி வைத்திருந்து, ஆவியோடு மாவுக்குள் விட்டிருந்தது. சவர்க்காரத்தைத் தின்றும் அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்குத்தான் அவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று எனக்கு விளங்கியது. கிணற்றடியில் பெட்டியைத் திரும்பத் திரும்ப அலசிக்கொண்டு வெகுநேரம் நின்றேன். சனிக்கிழமை நிறை பார்த்தபோது ஒரு கிலோ குறைந்திருந்தது.

நான்காம் கிழமை ஒருநாள் பின்னேரம், புட்டை வைத்துவிட்டு இருக்கும்போது பேர்கனிலிருந்து என் மேற்பார்வையாளர் அழைத்தார். பதில் ஆள் கிடைப்பது கஷ்டம், சொன்ன திகதிக்கு வருவாயா என்று கேட்டார். நான் முற்றத்துக்குப் போய், ஆம் என்றும் இல்லை என்றும் சொல்லாமல் கதைத்துக்கொண்டு நின்றேன். வீட்டில் ஒருவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்றேன். அவர் அப்படியென்றால் உணவு ஆலோசகரைப் பார்க்கச் சொல்லு என்றார். அப்போது உள்ளே கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

"எடியே, பெட்டி கருகுது. உனக்கு மணக்கேல்லையே?"

ஓடினேன். அண்ணை சுவரைப் பிடித்தபடி குசினிக்குள் நின்று காஸ் அடுப்பை நிறுத்திக்கொண்டிருந்தார். பானையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பெட்டியின் கூர் நுனி கரியாகியிருந்தது. இத்தனை வருடத்தில் நான் ஒருபோதும் செய்யாத பிழை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார். குனிந்து பானைக்குள் மூக்கை வைத்தார்.

"மணக்குது தங்கச்சி," என்றார். "ஓலை மணக்குது."

கொட்டப்போன புட்டைக் கோப்பையில் போடச் சொன்னார். சொதியும் ஊற்றினேன். மேசைக்கு வராமல் அடுப்படியிலேயே நின்று பதினொரு கரண்டி சாப்பிட்டார். நான் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. இரண்டு பேரும் அழவும் இல்லை. போன ருசி சில மாதங்களில் திரும்பும் என்று வைத்தியர் முன்பே சொல்லியிருந்தார். அந்தக் கணக்குப்படி அது வரவேண்டிய காலம்தான். அதையும் கொப்பியில் எழுதினேன். ஆனால் முதலில் வந்தது என் ஒழுங்கான அவியல்களின் மணம் அல்ல.

கடைசிக் கிழமை அவருக்கு நானே அவிக்கச் சொல்லிக்கொடுத்தேன். படகு இயந்திரத்தைப் பார்ப்பதுபோலப் பானையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தண்ணீர் வற்றுவது தெரிய, என் கைப்பையில் கிடந்த நோர்வே ஒரு குரோனர் நாணயக் குற்றியைத் தேய்த்துக் கழுவிப் பானைக்குள் போட்டேன். நடுவில் ஓட்டை உள்ள குற்றி. தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை அது அடியில் கடகடவென்று ஆடும். நின்றால் தண்ணீர் முடிந்தது என்று அர்த்தம். புறப்பட்ட அன்று அவருடைய நிறை, நான் வந்த நாளை விட அரைக் கிலோதான் குறைவு. குழாய்ப் பேச்சை வைத்தியர் எடுக்கவில்லை.

இப்போது பேர்கனில் மத்தியான இடைவேளையில், அண்ணைக்கு அங்கே பின்னேரம் ஆகும்போது, தொலைபேசியில் அழைக்கிறேன். அவர் அதை அடுப்புக்குப் பக்கத்தில் சாத்திவைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார். அதிகம் கதைக்கமாட்டோம். என் குரோனர் அங்கே ஆடுவது எனக்கு இங்கே கேட்கும். நேற்றும் கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் தடுமாறியது, பிறகு நின்றது.

"அண்ணை, தண்ணி முடிஞ்சுது. அடுப்பை நிப்பாட்டுங்கோ."

"எனக்கும் கேட்டது. பொறு, கொஞ்சம் மணம் வரட்டும்."

பொறுத்திருந்தேன். என் முன்னால் இரும்பு அடுப்பில் நாற்பது பேருக்கு மீன் சத்தமில்லாமல் வெந்துகொண்டிருந்தது. தொலைபேசியை முகத்துக்கு நெருக்கமாகப் பிடித்து மூச்சை இழுத்தேன். பிறகு, ஆவிக்கு அலறும் கருவி இந்தக் குசினியில் இல்லை என்று தெரிந்தும், தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தேன்.