சிம் போடாத ஜிபிஎஸ்

சுடலைவடிவுக்கு யாரிடமாவது வழி கேட்பதென்றால் வேப்பங்காயைக் கடித்த மாதிரி. ஊர் ஊராகப் போய்த் தையல் மிஷின் ரிப்பேர் பார்க்கிறவளுக்கு இது பெரிய இடைஞ்சல்தான். மேற்கே அம்பாசமுத்திரத்தில் இருந்து கிழக்கே ஏரல் வரைக்கும், ஆற்றின் இரண்டு கரையிலும் எந்த வீட்டு மிஷின் நின்றுபோனாலும் அவளுக்குத்தான் போன் வரும். தச்சநல்லூர் வீட்டில் இருந்து பழைய மோட்டார் சைக்கிளை எடுத்து, பின்னால் கருவிப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஊர் வரைக்கும் போர்டு இருக்கும். ஊருக்குள் போனபிறகு வீடு தெரிய வேண்டுமே?

கேட்டால் சொல்லாமலா போவார்கள்? சொல்வார்கள். சும்மா சொல்ல மாட்டார்கள். டீக்கடை பெஞ்சில் இருப்பவர் முதலில் வண்டியைப் பார்ப்பார். அப்புறம் அவளைப் பார்ப்பார். மறுபடி வண்டியைப் பார்ப்பார். "எந்த ஊரு? யாரு மவ? என்ன சோலியா வந்த? ஆம்பளையாளு யாரும் கூட வரலியா?" நாலுக்கும் பதில் சொன்ன பிறகுதான், "இப்பிடியே போயி வடக்க திரும்பு" என்று ஒரு வரி கிடைக்கும்.

அவள் பேசிப் பிழைக்கிற பிறவி இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தையல் கம்பெனிக்குப் போனவள். மிஷின் நின்றால் மெக்கானிக் வருவார். மற்ற பிள்ளைகள் அந்த நேரத்தில் எழுந்துபோய்ச் சிரித்துப் பேசுவார்கள். இவள் மட்டும் ஸ்டூலைவிட்டு அசையாமல் அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். நாலு வருசம் பார்த்தாள். ஒருநாள் மெக்கானிக் வரவில்லை. இவளே திறந்தாள், கழற்றினாள், மாட்டினாள். அன்றைக்கு முழுக்க அவள் வாயில் இருந்து வந்தது ஒரே வார்த்தை: "ஓடும்." ஓடியது. அன்றில் இருந்து இந்தப் பிழைப்பு.

வழிக்குப் போனைத்தான் நம்பியிருந்தாள். ஹேண்டில்பாரில் கிளிப் போட்டு மாட்டிவைப்பாள். சித்திரை வெயிலில் சூடு தாங்காமல் அது பாதி வழியில் கண்ணை மூடிக்கொள்ளும். இஞ்சின் அதிர்வில் அதன் கேமராவும் போயிற்று. எதைப் படம் எடுத்தாலும் பேய் பிடித்த மாதிரி ஆடியது. ஐப்பசி மழையில், ஒரு செவ்வாய்க்கிழமை, ஏரல் பக்கத்து வாழைத்தோப்புகளுக்கு நடுவில் தண்ணீர் இறங்கி அடியோடு அணைந்தது. சுற்றிலும் வாழை. எந்தப் பாதையைப் பார்த்தாலும் வந்த பாதை மாதிரியே இருந்தது. கடைசியில் வாய்க்காலைப் பார்த்தாள். இந்தப் பக்கத்துத் தண்ணீர் கிழக்கே போகிற தண்ணீர்; வீடு மேற்கே. அது போகிற பக்கத்துக்கு முதுகைக் காட்டி வண்டியை விட்டாள். வீடு வந்து சேர இருட்டிவிட்டது.

வாசலில் அண்ணன் செந்தூர்பாண்டி நின்றான். லாரி டிரைவர். தங்கச்சி வண்டியை நிறுத்தியதுமே சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"எங்கட்டி போன? போனும் எடுக்கல. வண்டில ஜிபிஎஸ் மாட்டு. மாட்டினாத்தான் சாவி."

அவன் சொன்ன ஜிபிஎஸ் எதுவென்று அவளுக்குத் தெரியும். அவன் லாரியிலேயே முதலாளி ஒன்று மாட்டிவைத்திருக்கிறார். அன்று சோற்றில் கை வைத்ததுமே ஆரம்பித்துவிட்டான். "கங்கைகொண்டான் பக்கம் ஒண்ணுக்குப் போக ஓரங்கட்டுனேன். ஒடனே போனு. 'ஏம்லே வண்டி நிக்கி?'ங்கான். மனுசன் மூத்திரத்துக்கும் கணக்கு சொல்லணுமாம்." ஏசி முடித்துவிட்டு, கை கழுவப் போகும்போது மறுபடியும் சொன்னான்: "நாளைக்கே மாட்டணும், சொல்லிட்டேன்."

அன்று இரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அம்பாசமுத்திரத்தில் ஒரு தையல் நிலையத்துக்குப் போயாக வேண்டும். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற எட்டு மிஷின் அங்கே படுத்துக் கிடக்கிறது. வராவிட்டால் வேறு ஆளைக் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டார்கள். சாவி இல்லாவிட்டால் அந்த வேலை போகும். அண்ணன் சொன்ன பெட்டியை மாட்டினால் வேலை கைவிட்டுப் போகாது. ஆனால் டீக்கடை பெஞ்சை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி ஆகிவிடும். எந்தத் தெருவில் எத்தனை நிமிசம் நின்றாள் என்பதெல்லாம் இன்னொருத்தர் போனில் ஓடிக்கொண்டிருக்கும்.

புதன்கிழமை பஸ் ஏறி, வண்ணாரப்பேட்டையில் வண்டிச் சாமான் கடை வைத்திருக்கிற கொம்பையாவிடம் போனாள்.

"வா தாயி, என்ன வேணும்?"

"ஜிபிஎஸ்."

தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தார். "இதான் இப்ப நல்லா ஓடுது. சீட்டுக்கு அடியில ஒளிச்சு வச்சிரலாம். யாரு நம்பரக் குடுக்கணும்? வீட்டுக்காரரா, அண்ணனா?"

"எனக்குத்தான்."

"வண்டி ஓட்டுதது யாரு?"

"நான்தான்."

"அப்ப ஒன் வண்டி எங்க நிக்கின்னு ஒனக்கே தெரியாதா?" கொம்பையா சிரித்தார். ஹெல்மெட் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

காது இரண்டும் சுட்டது. வேறொரு நாளாக இருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கியிருப்பாள். கால் திரும்பவும் செய்தது. திரும்பின காலை அங்கேயே ஊன்றிக்கொண்டாள்.

"அண்ணாச்சி, நான் நிக்க எடத்தச் சொல்லுத பெட்டி வேண்டாம். நான் போற எடத்துக்கு வழி சொல்லுத பெட்டி வேணும்."

சிரிப்பு நின்றது. பில் போடுகிற மேசையில் இருந்த ஷம்ஸியா தலையைத் தூக்கினாள். இருபத்தைந்து வயது இருக்கும். "அக்கா கேக்கது ரோடு காட்டுததுல்லா அண்ணாச்சி? அந்த டாக்டர் புதுசு வாங்கி மாத்திட்டுப் போனது உள்ள கெடக்கே." எழுந்துபோய்க் கண்ணாடி அலமாரியில் இருந்து உள்ளங்கை அகலத்தில், தடித்த ரப்பர் விளிம்பு வைத்த ஒன்றை எடுத்து வந்தாள். கூடவே ஸ்பிரிங் வைத்த போன் கிளிப் ஒன்றையும் வைத்தாள். "இதுல போன மாட்டுனா அதிர்வு கம்மியா இருக்கும். வெல ரொம்பக் கொறவு."

"வெயிலுக்கு என்ன செய்யும்?"

"வெயிலுக்கு ஒண்ணும் செய்யாதுக்கா."

கிளிப்பை ஒதுக்கினாள். ரப்பர் விளிம்பு பெட்டியைத் தொட்டு, "இதுக்கு சிம் போடணுமா?" என்றாள்.

"வேண்டாம். மேப்பு உள்ளயே ஏத்திருக்கு. மேல சேட்டிலைட்டு சொல்லுதத இது கேட்டுக்கிடும். இங்கனருந்து யாருக்கும் ஒண்ணும் சொல்லாது."

கேட்டுக்கொள்ளும், சொல்லாது. சுடலைவடிவுக்கு அந்தப் பெட்டியை அப்போதே பிடித்துவிட்டது. ஆனாலும் பார்த்துத்தானே வாங்க வேண்டும்? வாசலுக்கு எடுத்துப்போய் உச்சி வெயிலில் பிடித்தாள். எழுத்து தெரிந்தது. பையில் இருந்து வேலைக்குப் போடுகிற கையுறையை மாட்டி அழுத்தினாள். சொன்னபடி கேட்டது.

"மழைக்குத் தாங்குமா அண்ணாச்சி?"

"பேஷாத் தாங்கும்."

தண்ணீர் பாட்டிலைத் திறந்து பெட்டியின் தலையில் கவிழ்த்தாள்.

"ஏ தாயி! ஏ தாயி!" கொம்பையா எழுந்தே விட்டார்.

"தாங்கும்னு சொன்னியல்லா?"

தாங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு இரண்டு எட்டு நடந்து திரும்பினாள். அவள் திரும்பியதும் திரையில் திருநெல்வேலியும் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

"ஏன் புள்ள ஊரு சுத்துது?"

"நீங்க போற பக்கம் எப்பவும் மேல வரும்க்கா. எல்லாரும் அப்பிடித்தான் வைப்பாங்க."

"நான் திரும்புனா ஆறு திரும்புமா?"

ஷம்ஸியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதையோ இரண்டு தடவை அழுத்தி, வடக்கு எப்போதும் மேலே நிற்கிற மாதிரி மாற்றிக் கொடுத்தாள். இப்போது தாமிரபரணி இடமிருந்து வலமாக ஒழுங்காகப் படுத்துக்கொண்டது. மலை இடப்பக்கம், கடல் வலப்பக்கம். வாழைத்தோப்புக்குள் நின்றபோது மனசுக்குள் இருந்ததும் இதே படம்தான்.

"இதுல நட்சத்திரம் நட்சத்திரமா இருக்கே, என்னது?"

"முன்னால வச்சிருந்த டாக்டர் போன எடங்க. இமயமல வரைக்கும் போயிருக்காரு. பாக்கியளா?"

"வேண்டாம். அழிச்சிரு. அவரு எங்க போனா நமக்கென்ன?"

அவ்வளவையும் அழித்த பிறகுதான் பையில் இருந்து பணத்தை எடுத்தாள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வாசலில் குத்தவைத்து உட்கார்ந்தாள். வண்டியின் பக்க மூடியைக் கழற்றி, பேட்டரியில் இருந்து நேராக வயர் இழுத்து, டேப் சுற்றி, பெட்டியை ஹேண்டில்பாரில் முறுக்கினாள். தையல் மிஷின் மோட்டார் வயரிலேயே புழங்கின கைக்கு இது ஒரு பெரிய வேலையா? சாவி அண்ணன் சட்டைப்பையில் இருக்கும்போதே திரை எரிந்தது.

செந்தூர்பாண்டி பல் விளக்கிக்கொண்டே வந்து பார்த்தான். முகம் மலர்ந்தது. "மாட்டியாச்சா? சொன்னாக் கேக்கணும்." கொப்பளித்துவிட்டுப் போனை எடுத்தான். "எதுல போயிப் பாக்க?"

"நீ பாக்கதுக்கு இல்லண்ணே. நான் பாக்கதுக்கு."

"ஜிபிஎஸ் மாட்டுன்னுல்லா சொன்னேன்?"

"இதும் ஜிபிஎஸ்தான். வந்த அட்டைப்பெட்டில எழுதிருக்கு, வாசிச்சுப் பாரு."

அடுக்களை ஜன்னலில் மதினி பிருந்தா தலை தெரிந்தது. "மேல் அட்டைல பெருசாத்தான் போட்டிருக்கு. நான் வாசிச்சிட்டேன்," என்றாள்.

"நீ சும்மா கெட." அவன் தங்கச்சி பக்கம் திரும்பினான். "ஒன் நல்லதுக்குத்தானட்டி சொல்லுதேன். பொட்டப்புள்ள, தனியாப் போற. அங்கன ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"வழி தெரியாமத்தான அன்னைக்கு நேரமாச்சு? வழிக்குத்தான் இது."

"நான் சொல்லுதது வேற."

"வேறன்னு தெரியும். ஒன் மொதலாளியும் ஒன் நல்லதுக்குத்தான் பாக்காரா?"

அவன் எடுத்த போனைச் சட்டைப்பையில் போட்டான்.

"சோத்துல கைய வச்சிக்கிட்டு அவர ஏசுத. அதே பெட்டிய என் சீட்டுக்கடியில வைக்கச் சொல்லுத. ஒனக்குக் கசக்கது எனக்கு மட்டும் இனிக்குமா?"

அவள் குரலைத் தெரு அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டது. எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். பிருந்தாவின் கரண்டிச் சத்தம் நின்றது. சுடலைவடிவு குரலைத் தாழ்த்தவில்லை. வண்டி மை படிந்த கையை நீட்டினாள்.

"சாவி."

"குடுக்கலன்னா?"

"கருவிப்பெட்டியத் தலைல வச்சிக்கிட்டு பஸ்ல போவேன். நாளைக்கும் போவேன். போறது நிக்காது."

செந்தூர்பாண்டி எதிர்வீட்டைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், நீட்டின கையைப் பார்த்தான். கை இறங்குகிற மாதிரி தெரியவில்லை. சட்டைப்பையில் இருந்து சாவியை எடுத்தான். அவள் கையில் கொடுக்கவில்லை. சீட்டின்மேல் டக்கென்று வைத்தான். அவள் எடுத்துக்கொண்டாள்.

கருவிப்பெட்டியைக் கட்டி, ஹெல்மெட் மாட்டி உதைத்தாள். மூன்றாவது உதையில் வண்டி கிளம்பியது. அவன் இஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தினான்:

"எங்க போறன்னாவது சொல்லிட்டுப் போ!"

"மேக்க," என்றாள்.

தெருமுனை திரும்பும்போது திரையைப் பார்த்தாள். வடக்கு மேலேயே நின்றது. வண்டியைக் காட்டுகிற அம்பு மட்டும் மலையைப் பார்க்க நகர்ந்தது.