நம்மாள் ஏறாத படி

என் பெரியப்பா அச்சகத்தில் பிழை திருத்துபவர். குடியை விட்டு ஒன்பது வருடமாகிறது. குடியை விட்டவர்கள் கூடிப் படிக்கும் பழைய தட்டச்சுக் கையேடு அவர் பொறுப்பில் இருக்கிறது. குடியிலிருந்து மீள அது சொல்லும் பன்னிரண்டு படிகளில் முதல் ஏழையும் மளமளவென்று ஏறியவர் எட்டாவதில் உட்கார்ந்துவிட்டார். நம்மால் புண்பட்டவர்களைப் பட்டியலிட்டு, மன்னிப்புக் கேட்கத் தயாராகும் படி அது. முதல் பெயர், அவர் குடிவெறியில் மணிக்கட்டை முறித்த பெரியம்மாவுடையது.

ஆனால் கையேட்டில் 'நம்மால்' என்பது 'நம்மாள்' என்றிருந்தது.

"பிழையான வாக்கியத்துக்கு நான் எப்படிக் கீழ்ப்படிய முடியும்?" என்றார் பெரியப்பா.

ஆரம்பகால உறுப்பினர்கள் தட்டச்சடித்ததில் ஓர் எழுத்தையும் தொடக்கூடாது என்றார்கள் குழுவின் மூத்தவர்கள். எதையும் குழு கூடித்தான் முடிவெடுக்கும் என்பது மரபு. கூடிக் கூடிப் பேசினார்கள். போன ஞாயிற்றுக்கிழமை ஒருவழியாக 'ள்' போய் 'ல்' வந்தது.

வீட்டில் பெரியம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இப்பவாவது சொல்லுங்க."

"கொஞ்சம் பொறும்மா. மன்னிப்புக் கேக்குற ஒன்பதாம் படியில ஒரு கால்புள்ளி இடிக்குது."

"குடிச்சிட்டு விழுந்த காலத்துலகூட ஒரே படியில இவ்வளவு நேரம் நீங்க கிடந்ததில்லையே!" என்றாள் பெரியம்மா.