தலை பின்னிவிடும் அத்தியாயம்

வெள்ளிக்கிழமை பிற்பகல். தோஹாவின் நஜ்மா பகுதியில், கீழக்கரைக்காரர் ஒருவரின் டீக்கடையில் உட்கார்ந்து, பள்ளி நாட்களிலிருந்து எனக்குப் பிடித்த பழைய நாவல் ஒன்றை மறுபடி படிக்கிறேன். எழுதியவர் மனைவியையும் மகளையும் பட்டினியில் விட்டுவிட்டு, குடித்துக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தவர் என்று போன மாதம்தான் தெரிந்தது. அப்பா மகளுக்குத் தலை பின்னிவிடும் அத்தியாயம் வருகிறது. மூடிவிடுகிறேன்.

"ஏன்க்கா மூடிட்டீங்க?" என்கிறார் எதிரில் இருப்பவர். பெயர் செல்வம், அரியலூர்க்காரர், சைட்டில் சாரம் கட்டுகிறார். காரணத்தைச் சொல்கிறேன். புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கங்களை நிதானமாகப் படிக்கிறார்.

"போன்ல நான் ரொம்ப நல்ல அப்பன்க்கா. லீவுல போனா நாலாம் நாளே புள்ளைய அதட்டிடுறேன். அதுக்காக போன்ல பேசுனது பொய்யாயிடுமா?"

"பொய்யில்லை. எழுதியவரின் குழந்தை பட்டினி கிடந்ததும் பொய்யில்லை."

"அதுவும் நெசந்தான்."

இத்தனை வருஷமாக இதை ஒரு நல்ல அப்பா எழுதியதாக நினைத்துப் படித்திருக்கிறேன். உண்மையில், தன் மகளுக்கு எதைச் செய்யாமல் விட்டோம் என்று நன்றாகத் தெரிந்த ஒருவர் எழுதியிருக்கிறார். அவரை மன்னிக்க நான் யார்? ஆனால் அத்தியாயம் முன்பைவிடக் கனமாகத்தான் இருக்கிறது. இனி மூடமாட்டேன்.

செல்வம் என்னிடம் கேட்டுக்கொண்டு, ஒரு பத்தியை மகளுக்காகப் போனில் வாசித்து அனுப்புகிறார். டீ ஆறுவதற்குள் பதில் வருகிறது.

"அப்பா, உங்களுக்குப் பின்னத் தெரியுமா?"



"தெரியாதும்மா," என்று பதில் அனுப்புகிறார். "வந்து கத்துக்கிறேன்."