கொல்லங்கோட்டு ஓட்டலின் பளிங்குத் தூண்கள்

கொல்லங்கோட்டுக் கடைவீதியில், பழைய மாடி ஓட்டலின் முன்கூடத்தில் நிற்கிறேன். எட்டுத் தூண்களும் இன்றும் முகம் தெரிகிற மாதிரி மின்னுகின்றன. மின்னாமல் என்ன செய்யும்? பதினேழு வயதில், செங்கல் தூணுக்குச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளை கலந்து பூசி, கூழாங்கல்லால் மூன்று மாதம் தேய்த்தவன் நான். அதற்கப்புறம் பொள்ளாச்சியில் நான் வீடு கட்டாத தெரு இல்லை.

சுவரில் புதிதாக ஒரு பலகை, மலையாளத்தில். எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். கல்லாவில் இருக்கும் பெண்ணை வாசிக்கச் சொல்கிறேன்.

"தூணெல்லாம் இத்தாலிப் பளிங்கு, கப்பல்ல வந்ததுன்னு போட்டிருக்குதுங்க."

"பொய் அம்மிணி. முட்டையும் சுண்ணாம்பும் போட்டு நான் இழைச்சது."

"முட்டையில ஆம்லெட்டுதானுங்க வரும்!"

காப்பி குடிப்பவர்களும் சேர்ந்து சிரிக்கிறார்கள். கார்ச் சாவியை எடுத்துத் தூணில் வைக்கிறேன். ஒரு கீறல் போதும், சுண்ணாம்பு உதிரும், இவர்கள் வாய் அடைத்துப்போகும்.

"ஐயா, கீறிப்போடாதீங்க! மொதலாளி என்னையத்தான் கேப்பாரு."

அவளுக்காக நான் நிறுத்தவில்லை. எத்தனையோ சுவரை இடித்த கை, இந்தத் தூணில் மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது. சாவியைப் பைக்குள் போடுகிறேன். பேரை இத்தாலிக்காரனே வைத்துக்கொள்ளட்டும்.